பேட்டரியார் ஊற்றிய தண்ணீர்

அந்த ஆஸ்பத்திரியில் மொத்தம் நாற்பத்தொரு டாக்டர்கள். அவர்களில் யாரிடம் போனாலும் குணமாகிவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பின்பக்கக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் போன நோயாளி மட்டும் பத்தே நிமிடத்தில் உறுமிக்கொண்டு எழுந்துவிடும். அவர்தான் பேட்டரியார். அவருடைய நோயாளிகள் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற மூன்று புல்வெட்டி வண்டிகள். போன வாரம் குணமான அதே நோயாளி அதே நோயோடு இந்த வாரமும் வந்து நிற்கிறதே என்று யாரும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மற்றபடி மேலிடத்திலிருந்து வாசல் காவலர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் பேட்டரியார்தான். அந்த 'யார்' விகுதிக்கு அவர் உயிரையே கொடுப்பார். யாராவது அவசரத்தில் 'பேட்டரி' என்று கூப்பிட்டால் காதில் விழாதது போலத் திரும்பிக்கொள்வார். ஆஸ்பத்திரியில் அவர் சேர்ந்தது லிஃப்ட் இயக்குபவராக. எட்டு வருஷம் ஒரு நாளைக்கு நூறு தடவை உயர்ந்து, நூறு தடவை தாழ்ந்து, கடைசியில் தரைத் தளத்தில் கொட்டகைப் பொறுப்பு காலியானபோது அங்கே இறங்கியவர் இறங்கியவர்தான். பேட்டரியைப் பற்றி அவருக்கு அப்போது தெரிந்தது, அது கனமாக இருக்கும் என்பது மட்டுமே.

மிச்சத்தைத் தானாகக் கற்றுக்கொண்டார். அதைக் குறை சொல்ல முடியாது. பேட்டரியின் தலையில் இரண்டு ஈயக் குமிழ்கள் இருக்கும். அவைதான் முனைகள். அவற்றைக் கிளாம்பு கவ்விக்கொண்டிருக்கும். குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துவிட்டால் மின்சாரம் அந்தப் பக்கம் தாண்டாது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அப்போது பேட்டரியார் தன் தகரப் பெட்டியைத் திறப்பார். பத்தாம் நம்பர் ஸ்பேனர், சமையல் சோடா, வெந்நீர் நிறைந்த பிளாஸ்க், வீட்டில் ஓய்வு பெற்ற பல் பிரஷ்கள், கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரீஸ் டப்பா எல்லாம் ஆபரேஷன் தியேட்டர் கணக்காக வரிசையில் வரும்.

"நெகட்டிவ்வத்தான் மொதல்ல கழட்டணும்," என்று அறிவிப்பார். கேட்க ஆள் இருந்தாலும் அறிவிப்பார், இல்லாவிட்டாலும் அறிவிப்பார். பிறகு பாசிட்டிவ். பிறகு சோடா கரைத்த வெந்நீரை முனையில் ஊற்றுவார். அது புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே நல்ல காட்சி அது. பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, முனை வெள்ளியாக மின்னும் வரை உப்புத்தாள் போட்டு, பாசிட்டிவ்வை முதலில் மாட்டி, நெகட்டிவ்வைப் பிறகு மாட்டி, மேலே கிரீஸ் தடவி, "போடும்மா சாவிய," என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வண்டி உறுமும். ஓரிருவர் கைகூடத் தட்டுவார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பெரிய மனிதர்கள் பார்ப்பதில்லையே.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். வண்டி எங்கே நின்றாலும் அவர் அங்கே போக மாட்டார். "பேஷண்ட்தான் டாக்டர்கிட்ட வரணும்." மைதானத்தின் அந்தக் கோடியில் வண்டி நின்றால் ஓட்டுகிறவர் அதைக் கொட்டகைவரை தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான்.

தள்ளியது பெரும்பாலும் மூணாம் நம்பர். வண்டியின் எண்ணே அவளுக்குப் பெயராகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் துடைப்பத்தோடு வராந்தா வராந்தாவாக நடந்தவள், சொந்த முயற்சியில் ஓட்டக் கற்று, உரிமம் எடுத்து, மூன்று பேரிடம் மனு கொடுத்து, மூன்றாம் வண்டியின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் வெட்டிய புல், வகிடு எடுத்துச் சீவிய தலைமுடி போல நேர்நேராக இருக்கும். ஒன்றாம், இரண்டாம் வண்டிகளை ஓட்டிய அண்ணன்மார்கள் இருவரும் சர்வீஸில் மூத்தவர்கள். மூத்தவர்கள் வண்டி கழுவினால் வானம் இடிந்து விழும் என்பதால், சாயங்காலம் மூன்று வண்டிகளையும் குழாய் பிடித்துக் கழுவுகிற வேலையும் அவளுக்கே கிடைத்தது.

இவர்கள் எல்லாருக்கும் மேலே கண்காணிப்பாளர். ஏழு வருஷத்துக்கு முன்பு இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவர், அங்கிருந்து ஒரு பையையும், எதைக் கண்டாலும் கட்டம் போடுகிற ஆசையையும் கொண்டுவந்தார். அந்த ஆசையில் பிறந்ததுதான் பேட்டரிப் பராமரிப்புப் பதிவேடு. ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் மூன்று கட்டம், வண்டிக்கு ஒன்று. தலைப்பில் 'தண்ணீர் ஊற்றப்பட்டது' என்று இருக்கும். ஊற்றியதும் டிக் போட வேண்டும். தண்ணீர் தேவைப்படாவிட்டால் என்ன செய்வது என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத ஒன்று உலகத்தில் நடக்காது என்பது கண்காணிப்பாளரின் சித்தாந்தம்.

பேட்டரியார் ஊற்றினார். சும்மா ஊற்றினாரா? மனசார ஊற்றினார். பேட்டரிக்குள்ளே தகடுகள் இருக்கும், அவை முங்கினால் போதும். அதற்குக் கொஞ்சம் மேலே ஓர் அளவுக்கோடும் இருந்தது. அந்தக் கோட்டை அவர் கம்பெனிக்காரனின் கஞ்சத்தனமாகத்தான் பார்த்தார். "ஊத்துறதுதான் ஊத்துறோம், அரைகுறையா எதுக்கு?" என்று ஆறு மூடிகளையும் திறந்து வாய்வரை தளும்பத் தளும்ப ஊற்றி மூடினார். அந்த பேட்டரித் தண்ணீர் கேன்கள் இருந்த அலமாரியின் சாவியை வேறு யாரும் தொட விடமாட்டார். ஏழு வருஷத்தில் ஒரு திங்கள்கூடத் தவறவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்பு வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் பூத்த உப்பு, அதன் பிறகு வாரந்தோறும் பூக்க ஆரம்பித்ததே, அதையும் கவனித்தார். "இப்ப வர்ற பேட்டரியெல்லாம் எங்கே சார் தரமா இருக்கு?" என்று பெருமூச்சு விட்டார்.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓடியிருக்கும். கெட்ட நேரம், புதுக் கட்டடம் ஒன்றைத் திறந்து வைக்க ஒரு பெரிய மனுஷர் வருவதாக இருந்தது. அன்று காலை மூன்று வண்டிகளும் ஒரே குரலில் 'டிக்' என்றன. மூன்று நோயாளிகள் ஒரே நேரத்தில் வந்து நின்றால் எந்த டாக்டர்தான் என்ன செய்வார்? இரண்டாவது வண்டியில் சோடா நுரைத்துக்கொண்டிருந்தபோது விருந்தினரின் கார் உள்ளே வந்துவிட்டது. முன்புல்வெளி பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும், முடிதிருத்தும் கடையிலிருந்து நடுவில் எழுந்து ஓடிவந்த ஆளின் தலை மாதிரி இருந்தது. பெரிய மனுஷர் அதை இரண்டு தடவை பார்த்தார். எத்தனை தடவை என்று கண்காணிப்பாளர் எண்ணிக்கொண்டார்.

மறுநாள் பேட்டரியாருக்கு அழைப்பு வந்தது.

"வாரா வாரம் இந்த உப்பு ஏன்யா வருது? காரணம் என்ன?"

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பேட்டரியாருக்கு வைத்தியம் தெரியும், காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்கிறவர் எப்படி 'யார்' ஆவார்? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தண்ணி சார். மேல தண்ணி பட்டா உப்பு பூக்கும்."

"யாரு வண்டியக் கழுவுறது?"

"மூணாம் நம்பர்தான் சார் கழுவுது. அது பாவம், நல்லா வேலை செய்யிற பொண்ணு…"

'பாவம்' என்கிற வார்த்தைக்குக் கண்காணிப்பாளரிடம் கட்டம் இல்லை. மற்றதை மட்டும் தட்டச்சு செய்து நீட்டினார். பேட்டரியார் கையெழுத்துப் போட்டார். ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று படியிறங்கும்போது தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது. வண்டிகளை யாரும் கழுவக் கூடாது. மூணாம் நம்பரிடமிருந்து சாவி வாங்கப்படுகிறது. விசாரணை முடியும்வரை அவள் தோட்டத்தில் இலை கூட்ட வேண்டும். கவனக்குறைவு நிரூபணமானால் நிரந்தரமாகவே கூட்ட வேண்டும், இனி எந்த வண்டியிலும் ஏற முடியாது. மூன்றாம் வண்டியை மூத்தவர்கள் இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள்.

அவள் துடைப்பத்தோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நெசமாவே நான் கழுவுறதாலதான் பூக்குதா? பேட்டரி மேல மூடி இருக்கே. தண்ணி எப்படிண்ணே உள்ள போகும்?"

"அதெல்லாம் விசாரணையில பாப்பாங்கம்மா," என்றார் பேட்டரியார், கிரீஸ் டப்பாவின் மூடியைத் தேவையில்லாமல் திருகிக்கொண்டே.

அடுத்த வாரமே அவருக்குக் குடல் இறங்கிவிட்டது. இத்தனை வருஷம் பேட்டரி தூக்கியதன் பலன். அதே ஆஸ்பத்திரியில், இரண்டாவது மாடி ஆண்கள் வார்டில், ஜன்னலோரப் படுக்கையில் அவரைப் போட்டார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அலமாரிச் சாவி தலையணைக்கு அடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே புல்வெளி.

காலை ஏழு மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார். 'டிக்' சத்தம் இரண்டு மாடி ஏறி வராது. ஆனால் அதற்குப் பிறகு வரவேண்டிய கூச்சல் வரும், ஆள் ஓடிவந்து "பேட்டரியாரே, வந்து பாருங்க" என்று கெஞ்சும், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு தான் தள்ளுநாற்காலியில் இறங்கிப் போக வேண்டியிருக்கும். நர்ஸ் திட்டுவாள். தான் பொறுமையாகச் சிரிப்பார். இந்தக் காட்சியைப் பல தடவை ஓட்டிப் பார்த்து வைத்திருந்தார். கீழே மூன்று வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு கிளம்பின. மறுநாளும் கிளம்பின. அதற்கு மறுநாளும். ஒருவரும் ஓடிவரவில்லை.

"எவனோ என் பெட்டியத் தொறந்துட்டான்," என்றார் மனைவியிடம்.

மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவள். பேச்சும் ஊசி மாதிரிதான். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்: "பெட்டி நம்ம வீட்டுக் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. நீங்க படுத்ததும் வண்டி தானா எந்திரிச்சுக்கிச்சு போல."

"வெளையாடாத. நான் இல்லாம ஒரு வாரம் தாங்காது அது."

"பதினோரு நாளாச்சுங்க."

பேட்டரியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரியிலேயே வண்டி நன்றாக ஓடுகிறது என்று வருத்தப்பட்ட ஒரே ஊழியர் அன்றைக்கு அவராகத்தான் இருந்திருப்பார்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். நேரே போய் மூன்று வண்டிகளின் மூடியையும் தூக்கிப் பார்த்தார். முனைகள் அவர் விட்டுப்போனபடியே பளிச்சென்று இருந்தன. துளி உப்பு இல்லை. கண்காணிப்பாளரோ அவரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மைய்யா. அந்தப் பொண்ணு கழுவுறத நிறுத்தினோம், உப்பும் நின்னுபோச்சு. இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்? விசாரணை சும்மா ஒரு சம்பிரதாயம்தான்."

பேட்டரியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். அன்று திங்கட்கிழமை. மூன்று வாரம் தாகத்தோடு இருந்திருக்குமே என்று ஆறு மூடிகளையும் திறந்து, மூன்று வண்டிகளுக்கும் தளும்பத் தளும்ப ஊற்றி, டிக் போட்டார்.

சனிக்கிழமை காலையில் மூன்றிலும் உப்பு பூத்திருந்தது.

யாரோ களவாகக் கழுவுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். குழாயைப் போய்ப் பார்த்தார். அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு சிலந்தி வலை கட்டி, நடுவில் வீட்டுக்காரர் தோரணையில் உட்கார்ந்திருந்தது. ஒரு மாதமாக அந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பேட்டரியார் அந்தச் சிலந்தியைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் வருவதற்குள் மூன்று வண்டிகளையும் துடைத்துச் சுத்தம் செய்தார். அன்று நெகட்டிவ்வைக் கழற்றும்போது எதையும் அறிவிக்கவில்லை.

அடுத்த திங்கள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஊற்றினார். மூன்றாம் வண்டிக்கு ஊற்றவில்லை. ஆனாலும் மூன்று கட்டத்திலும் டிக் போட்டார். வாழ்க்கையில் அவர் போட்ட முதல் பொய் டிக் அது. தினமும் இரவில் வண்டிகளைச் சார்ஜரில் மாட்டுவார்கள். காலையில் சீக்கிரமே வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். சார்ஜ் ஏறும்போது உள்ளே தண்ணீர் சூடாகிக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஒன்றிலும் இரண்டிலும் இடமில்லாமல் மூடியின் சின்னத் துளை வழியாக வெளியே கசிந்து, பேட்டரியின் தலையெல்லாம் ஈரமாக, முனைவரை ஊர்ந்து போயிருந்தது. வெளியே வந்தது வெறும் தண்ணீர் அல்ல, பேட்டரிக்குள்ளே இருந்த அமிலமும் கலந்த தண்ணீர். சனிக்கிழமை ஒன்றும் இரண்டும் பூத்தன. மூன்று பூக்கவில்லை.

பேட்டரியார் கொட்டகையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏழு வருஷமாகத் திங்கட்கிழமை ஊற்றி, சனிக்கிழமை துடைத்திருக்கிறார். நோயைக் கொடுத்தவரும் அவர், தீர்த்தவரும் அவர். கைதட்டல் மட்டும் ஒரு பக்கத்துக்குத்தான் கிடைத்திருக்கிறது. அவருக்கு அழுகை வந்தது. அழுகையோடு பயமும் வந்தது. எழுந்து, ஒன்றாம் வண்டியின் முனையிலிருந்து சுரண்டிய உப்பை ஒரு மாத்திரைக் கவரில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை எதற்கும் ஊற்றவில்லை. டிக் மட்டும் போட்டார். வண்டிகள் சமர்த்தாக ஓடின. கண்காணிப்பாளரின் நம்பிக்கை மலைபோல வளர்ந்தது. தோட்டத்திலும் கொட்டகை வாசலிலும் மூணாம் நம்பர் இலை கூட்டினாள். பேட்டரியார் சாப்பாட்டுக்கு வேறு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மனைவியிடம் சொன்னார். அவள் தையல் மெஷினை நிறுத்தவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

"அந்தப் பொண்ணு கையில தொடப்பம் இருக்கு. உங்க கையில சாவி இருக்கு. இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"

"என் பேரு என்ன ஆவுறது? இத்தன வருஷம் சம்பாதிச்ச பேரு."

"நீங்களே அழுக்காக்கி நீங்களே தொடச்ச பேருதானே அது?"

பேட்டரியாருக்குச் சுருக்கென்றது. எதிரில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அது பாதி தைத்த துணி, மடிக்க வேண்டியதே இல்லை. அவள் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

விசாரணை வியாழக்கிழமை நடந்தது. நீள மேஜையின் ஒரு பக்கம் கண்காணிப்பாளரும், உறுப்பினராகத் தலைமை நர்ஸும். எதிரில் மூணாம் நம்பர், நாற்காலியின் நுனியில். பேட்டரியார் நிபுணர் என்பதால் பக்கவாட்டில், தண்ணீர் பாட்டிலோடு. அந்தத் தண்ணீரை அவர் தொடவே இல்லை. கண்காணிப்பாளர் அறிக்கையை வாசித்தார். கழுவியதால் உப்பு. கழுவுவதை நிறுத்தியதால் உப்பில்லை. ஆகவே கவனக்குறைவு.

"நிபுணர் இத உறுதி செய்றாரா?"

பேட்டரியார் எழுந்தார். உட்கார்ந்தே சொல்லலாம் என்றார்கள். அவர் உட்காரவில்லை.

"தண்ணிதான் சார் காரணம். ஆனா அந்தப் பொண்ணு கழுவுன தண்ணி இல்ல. நான் ஊத்துன தண்ணி."

அவர் அதோடு விடவில்லை. ஆரம்பித்துவிட்டால் எதையும் முழுக்கச் செய்கிற ஆள் அல்லவா? மூன்று வாரம் தான் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்ததையும், அலமாரிச் சாவி தலையணைக்கு அடியில் இருந்ததையும், அதனால் கழுவுவது மட்டுமல்ல, ஊற்றுவதும் நின்றிருந்ததையும் சொன்னார். திரும்பி வந்து ஊற்றிய திங்கள், பூத்த சனி, சிலந்தி, மறுபடி திங்கள், இரண்டு வண்டிக்கு மட்டும் ஊற்றியது, மறுபடி சனி என்று தேதிவாரியாக, பெருமையாகவே என்று சொல்ல வேண்டும், அடுக்கினார். பையிலிருந்து மாத்திரைக் கவரை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். வெளிர்ப் பச்சைத் தூள் விசாரணைக் கோப்பின் மீது கொட்டியது.

"கையால தொட்டுடாதீங்க," என்றார் தலைமை நர்ஸ். "எவ்ளோ ஊத்துவீங்க?"

"வாய் வரைக்கும்."

"சூடானா பொங்காதா? ஒரு பாத்திரம் பாலை வாய் வரைக்கும் ஊத்தி அடுப்புல வைப்பீங்களா?"

"மாட்டேன்," என்றார் பேட்டரியார் மெதுவாக.

நாற்பத்தொரு டாக்டர்கள் இருந்த ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் பிடிபடாத நோய், ஒரு பால் பாத்திரத்தில் பிடிபட்டது. கண்காணிப்பாளருக்கோ நோய் முக்கியமில்லை.

"பதிவேடுதான் ஊத்தச் சொல்லுது. அப்ப பதிவேடு தப்புங்கிறீங்களா?"

"ஊத்த வேணாம்னா எழுத இதுல எடமே இல்லையே சார்," என்று தலைமை நர்ஸ் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "யாரு போட்ட கட்டம் இது?"

யார் போட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு வாசிக்கப்பட்ட முடிவு, அந்த ஆஸ்பத்திரியின் சரித்திரத்தில் சட்டம் போட்டு மாட்டிவைக்க வேண்டிய ஒன்று. ஊழியரின் மீதான குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. நிபுணரின் மீது தவறில்லை. பதிவேட்டிலும் தவறில்லை. உப்பு பூத்ததற்கு மாறிவரும் பருவநிலையே காரணம். இனி தண்ணீர் அளவுக்கோடுவரை மட்டும், தேவைப்பட்டால் மட்டும் ஊற்றப்படும். ஊற்றாத வாரங்களில், ஊற்றப்படவில்லை என்பதற்கு டிக் போட ஒரு புதிய பதிவேடு திறக்கப்படும். கண்காணிப்பாளர் ஏற்கெனவே ஸ்கேலை எடுத்துவிட்டிருந்தார்.

மூணாம் நம்பருக்கு வண்டிச் சாவி திரும்பக் கிடைத்தது.

பேட்டரியார் அவளுக்கு முன்பாகவே கொட்டகைக்கு வந்துவிட்டார். தலைமுடியைத் தடவிச் சரிசெய்துகொண்டார். அவள் வருவாள், கண் கலங்குவாள், என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பாள். 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, யாரா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாங்க' என்று தான் பெருந்தன்மையோடு சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பேர் போனாலும், இப்படிப் போவதில் ஒரு கௌரவம் இருக்கத்தான் செய்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

அவள் வந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். மூன்றாம் வண்டியின் மூடியைத் தூக்கி முனைகளைப் பார்த்தாள், கிளாம்பை ஆட்டிப் பார்த்தாள், மூடினாள். இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள், ஆனால் திருப்பவில்லை.

"அண்ணே."

"சொல்லும்மா."

"ரெண்டாவது சனிக்கெழம தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்கல்ல உள்ள?"

"ஆமாம்மா. அன்னிக்குத்தான் உறுதியாச்சு. ஒண்ணும் ரெண்டும் பூத்துடுச்சு, உன் வண்டி மட்டும்…"

"அதுக்கப்புறம் இன்னியோட பன்னெண்டு நாளு."

பேட்டரியார் தயாராக வைத்திருந்த வாக்கியம் இந்தக் கணக்குக்குப் பொருந்தவில்லை.

"தெனமும் இந்த வாசல்லதான் கூட்டினேன்," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க உள்ளதான் இருந்தீங்க. இனிமே சாகுற வரைக்கும் தொடப்பந்தான்னு நெனச்சுக்கிட்டு கூட்டினேன். வீட்டுல பசங்ககிட்டகூட இன்னும் சொல்லல. தெனம் வண்டி ஓட்டப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்பி வந்தேன்."

பேட்டரியார் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். பரிசோதனை, நிரூபணம், சரியான நேரம் என்று என்னென்னவோ சொல்லலாம். ஒவ்வொன்றாக வாய்வரை வந்தது. ஒன்றையும் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. வெட்கமாக இருந்தது. எல்லார் முன்னாலும் தப்பை ஒப்புக்கொண்டபோது வராத வெட்கம், ஒரே ஒருத்தி கேட்டபோது வந்தது.

"பயமா இருந்துச்சும்மா," என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"எனக்குந்தாண்ணே," என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.